செல்வக்கனி சொன்னதும் நான் சொன்னதும்

1. முதல் மனு

பம்பாயில், செம்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் எங்கள் சங்கத்தின் ஆபீஸ். தண்ணீர், ரேஷன் கார்டு, கழிப்பறை, வீட்டுப் பதிவு என்று குடிசைப் பகுதி மக்கள் கொண்டுவரும் பிரச்சினைகளுக்கு மனு எழுதிக் கொடுப்பது, அவர்களோடு மாநகராட்சியின் வார்டு ஆபீஸுக்குப் போவது, பதில் வராவிட்டால் கூட்டம் போடுவது, அதற்கும் பதில் வராவிட்டால் மறுபடி மனு எழுதுவது. வேலை இவ்வளவுதான்.

நான் அங்கே சேர்ந்தபோது எனக்கு ஐம்பத்து நான்கு வயது. அதற்கு முன் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் சரக்கு கம்பெனியில் கிளார்க். பகலில் கிளார்க், சாயங்காலத்தில் எழுத்தாளன். சமூக நீதி பற்றிச் சிற்றிதழ்களில் நிறைய எழுதியிருந்தேன். அவற்றைப் படித்தவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். மீதிப் பேருக்கு நானே பிரதி அனுப்பியிருந்தேன். கம்பெனியில் விருப்ப ஓய்வு கொடுத்ததும், இனி முழு நேரமும் மக்களுக்காக எழுதப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். "மக்கள் கேட்டாங்களா?" என்றாள் என் மனைவி. அந்தக் கேள்வியின் அருமை எனக்கு அப்போது புரியவில்லை.

சங்கத்தை நடத்தியவர் சுமன்தாயி. மராத்தியில் தாயி என்றால் அக்கா. என்னைவிட ஆறு வயது இளையவர்தான். ஆனாலும் எல்லாரும் அப்படிக் கூப்பிட்டதால் நானும் கூப்பிட்டேன். ஆலைத் தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். என்னிடம் இந்தியில்தான் பேசுவார். அவர் பேச்சை இங்கே தமிழில் தருகிறேன். இந்த முறை எதையும் கூட்டவில்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

முதல் நாள் காலை இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்கள் தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. சுமன்தாயி என்னைக் காட்டி, "இவர் பெரிய எழுத்தாளர், இவர் எழுதுவார்" என்றார். அவர்கள் ஐந்து நிமிடம் பேசினார்கள். நான் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நீங்க போங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவைத்தேன். மதியம் வரை உட்கார்ந்து ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். தண்ணீர் என்பது உயிரின் முதல் உரிமை என்று தொடங்கும். நதிக்கரை நாகரிகங்கள் எல்லாம் அதில் வரும். எனக்கே கண் கலங்கியது.

சுமன்தாயி நின்றுகொண்டே படித்தார்.

"மூர்த்திஜி, குழாய் எங்கே இருக்கு?"

"அவங்க தெருவுல."

"எந்தத் தெரு?"

நான் பேனாவுக்கு மூடி தேடினேன்.

"எத்தனை நாளா வரல? மனு யார் பேர்ல?"

இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். தெருவும் இல்லை, நாளும் இல்லை, பேரும் இல்லை. நதிக்கரை நாகரிகம் மட்டும் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். அவர்கள் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் சுமன்தாயி எனக்கு ஒரு விதி சொன்னார். "யார், எங்கே, எப்போலேர்ந்து, என்ன வேணும். நாலு வரி. அஞ்சாவது வரி உங்க சொந்த வரி. அதை வீட்ல வச்சுக்குங்க."

பாவம், இலக்கிய ரசனை இல்லாதவர் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டே ஒன்றரை வருடம் ஓட்டினேன். நாலு வரிதான் எழுதுவேன். ஆனால் ஒவ்வொரு வரியும் அரைப் பக்கம் இருக்கும்.

2. அவர் சொன்னது

தாராவியில் ஒரு நகர். பெயர் வேண்டாம்; எழுதினால் அங்கிருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். அங்கே பெண்களுக்கான பொதுக் கழிப்பறை பற்றி ஒரு புகார் வந்தது. தமிழ்க்காரர்கள் என்பதால் சுமன்தாயி என்னை அனுப்பினார்.

புகார் கொடுத்தவர் செல்வக்கனி. நாற்பதைத் தாண்டிய பெண். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம், கல்யாணமாகி வந்தது தாராவிக்கு. வாஷியில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. சயான் வரை நடந்து, ரயில் ஏறி, குர்லாவில் மாறி, ஆபீஸ்காரர்கள் வருவதற்கு முன் நான்கு மாடியையும் துடைத்து முடிக்க வேண்டும். கணவர் பரமசிவம் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவர். அதிகம் பேச மாட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை. செல்வக்கனி யூனிஃபார்மைத் துவைத்துக்கொண்டே பேசினார். கழிப்பறையை அங்கே எல்லாரும் சண்டாஸ் என்றுதான் சொல்வார்கள்.

"அண்ணாச்சி, சண்டாஸு நல்லாத்தான் இருக்கு. தண்ணியும் வருது. ஆனா கான்ட்ராக்டர் ஆளு ஆறு மணிக்குத்தான் தொறக்கான். நாங்க பத்துப் பன்னெண்டு பொம்பளைய, அஞ்சு மணிக்கெல்லாம் வேலைக்குக் கெளம்பிருதோம். சாவில ஒண்ணு எங்க கையில தந்தாப் போதும். நாங்களே தொறந்துட்டு, பூட்டிட்டுப் போயிருவோம். உள்ள ஒரு லைட்டு. ரெண்டு கதவுக்குத் தாப்பா. அவ்ளோதான்."

"இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டேன்.

"ரோட்டத் தாண்டி பெட்ரோல் பம்புக்குப் போவோம். அவன் சில நாளு விடுவான், சில நாளு ஏசுவான். விடலேன்னா வாஷி வரைக்கும் அடக்கிட்டுத்தான் போவணும். போன மாசம் மாரியம்மாளுக்கு நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்."

இவ்வளவுதான் அவர் சொன்னது. யார், எங்கே, என்ன வேணும், எல்லாம் இருந்தது. ஒரு குழந்தை கூட இதை நாலு வரியில் எழுதிவிடும்.

நான் ஆபீஸுக்குத் திரும்பி, மனுவை விட்டுவிட்டு நாலு பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினேன். விடியலுக்கு முன்னே நிழல்களாய் நடந்து போகும் பெண்கள். சிதிலமடைந்த சுவர்கள். நாகரிகத்தின் முகத்தில் அறையும் இருள். சுவர்கள் சிதிலமடையவில்லை, நான்கு வருடம் முன்பு பூசியவை. ஆனால் நல்ல சுவரை வைத்துக்கொண்டு எப்படி உருக்கமாக எழுதுவது? செல்வக்கனியை ஆதரவற்ற பெண்ணாக்கினேன். அப்போதுதான் படிப்பவர் மனம் இளகும் என்று நினைத்தேன். சாவியை மட்டும் எடுத்துவிட்டேன். சமூக நீதி பற்றிய ஒரு கட்டுரையில் சாவி வந்தால், வீட்டுக்கு வீடு நடக்கும் சண்டை போல இருக்கும் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு அதை அவர்கள் வீட்டுக்கே எடுத்துப் போய் வாசித்துக் காட்டினேன். செல்வக்கனி கவனமாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. இது யாரு கதை?"

"உங்க கதைதாம்மா!"

அவர் திரும்பிப் பரமசிவத்தைப் பார்த்தார். பரமசிவம் அன்றைக்குப் பேசிய ஒரே வாக்கியத்தை அப்போதுதான் பேசினார். "அப்போ நான் எங்க சார்?"

"கட்டுரைக்கு இடம் கொஞ்சம் பத்தலை" என்றேன். அவர் சரி என்பதுபோல் தலையாட்டினார். இடம் பத்தாத ஊரில் வாழ்கிற மனிதர். அந்தக் காரணம் அவருக்குப் புதிதாக இருந்திருக்காது.

3. மாட்டுங்காவில் நான் சொன்னது

எங்கள் சங்கமும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து பொதுக் கழிப்பறைகள் பற்றி ஒரு பொது விசாரணை வைத்தோம். மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கல்யாண ஹால். மேடையில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், ஒரு டாக்டரம்மா, ஒரு கல்லூரிப் பேராசிரியர். மக்கள் வந்து மைக்கில் சொல்வார்கள், இவர்கள் கேட்டுப் பதிவு செய்து பரிந்துரை எழுதுவார்கள். சட்டப்படி அதற்குப் பலம் கிடையாது. ஆனால் இந்த முறை வார்டு ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி நேரில் வர ஒப்புக்கொண்டிருந்தார். அதற்காகச் சுமன்தாயி இரண்டு மாதம் அலைந்திருந்தார்.

எங்கள் சங்கத்துக்கு ஒரு கொள்கை உண்டு. மக்கள் அவரவர் தாய்மொழியில்தான் பேச வேண்டும். நல்ல கொள்கை. தமிழில் பேசுபவர்களுக்கு இந்தியில் மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே? நான் முந்திக்கொண்டு கை தூக்கினேன்.

என் இந்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது பரீட்சை எழுதிப் படித்த இந்தி. தமிழ்நாட்டில் சின்ன வயதில் மாலை வகுப்புக்குப் போய், ஒவ்வொரு பரீட்சையாக எழுதி, சான்றிதழ் வாங்கிக் கற்றது. அந்த இந்தியில் என்னால் மழைக்காலத்தை வர்ணிக்க முடியும். காய்கறி வாங்க முடியாது. முப்பது வருடம் பம்பாயில் இருந்தும், நான் வாயைத் திறந்தால் ரிக்‌ஷாக்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்.

ஹாலுக்குள் நுழையும்போது சுமன்தாயி என் சட்டைக் கையைப் பிடித்தார். "மூர்த்திஜி, அவங்க சொல்றதை மட்டும் சொல்லுங்க."

"வேற எதைச் சொல்லப் போறேன்?" என்றேன். கொஞ்சம் கோபமாகவே.

முதலில் பேசிய இரண்டு பேரும் மராத்திக்காரர்கள். எனக்கு வேலை இல்லை. மூன்றாவது செல்வக்கனி. ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு மைக்கில் அவர், பக்கத்து மைக்கில் நான். மூன்றாவது வரிசையில் பரமசிவம், மடியில் டிபன் பையோடு.

"நாங்க பன்னெண்டு பேரு அஞ்சு மணிக்கு வேலைக்குப் போறவுக. சண்டாஸை ஆறு மணிக்குத்தான் தொறக்காங்க" என்றார் செல்வக்கனி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். விடியல் வந்தது. நிழல்கள் வந்தன. இருள் நாகரிகத்தின் முகத்தில் அறைந்தது. 'அபலா நாரி' என்றேன். அதாவது ஆதரவற்ற பெண். எனக்குப் பிடித்த சொல், இரண்டு முறை சொன்னேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இந்தம்மா கொஞ்சமாகத்தானே பேசினார்?" என்று என்னைக் கேட்டார்.

"தமிழ் சுருக்கமான மொழி, ஐயா" என்றேன்.

செல்வக்கனி அடுத்ததைச் சொன்னார். "சாவி ஒண்ணு எங்க கையில தந்தாப் போதும்."

என் தலைக்குள் அந்த நாலு பக்கக் கட்டுரை ஓடிக்கொண்டிருந்தது. அதில் சாவி கிடையாது. கை நீட்டிச் சாவி கேட்பது எனக்குப் பிச்சை கேட்பது போலப் பட்டது. இவ்வளவு பெரிய மேடையில், இவ்வளவு பெரிய மனிதர்கள் முன்னால், ஒரு சாவியா? நான் இந்தியில் முழங்கியதன் தமிழ் இதுதான். "சாவிக்காகக் கையேந்தி நிற்கவில்லை நாங்கள்! இந்தச் சிதிலமடைந்த கட்டடமே இடிக்கப்பட வேண்டும்! அந்த இடத்தில் எங்கள் மானத்தின் சின்னமாக ஒரு புதிய மாளிகை எழும்ப வேண்டும்!"

கடைசி வரிசையில் ஒருவர் கைதட்டினார். கைதட்டல் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. யார் அந்த ரசிகர் என்று பார்த்தேன். அந்தக் கழிப்பறையை எடுத்து நடத்தும் கான்ட்ராக்டர். கையில் ஒரு ஃபைலோடு உட்கார்ந்திருந்தார்.

வார்டு அதிகாரி மைக்கை வாங்கினார். "இது நல்ல கோரிக்கை. அந்தக் கட்டடத்தை இடித்து, கீழே கடைகளும் மேலே கழிப்பறையுமாகக் கட்ட ஏற்கெனவே கான்ட்ராக்டரிடமிருந்து ஒரு திட்டம் வந்திருக்கிறது. அங்கே குடியிருப்பவர்களின் சம்மதம் இல்லாததால்தான் நின்றுபோயிருந்தது. இன்று அவர்களே கேட்டுவிட்டார்கள். வேலை முடிய இரண்டு மூன்று வருடம் ஆகலாம். அதுவரை பொறுத்துக்கொண்டால் போதும்." அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. அவர் காதில் விழுந்ததற்குப் பதில் சொன்னார். நீதிபதியின் பக்கத்தில் இருந்த பெண் அதைப் பதிவேட்டில் எழுதத் தொடங்கினார்.

எனக்கு அப்போதும் விஷயம் பிடிபடவில்லை. வெற்றி என்றுதான் நினைத்தேன். சுவரோரம் நின்ற சுமன்தாயி வேகமாக மேடைப் பக்கம் வருவது தெரிந்தது. பாராட்ட வருகிறார் என்று நினைத்தேன்.

அதற்குள் செல்வக்கனி மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"சாப், ஏக் மினிட். தோட்னே கா மேனே நஹி போலா."

ஐயா, ஒரு நிமிஷம், இடிக்கணும்னு நான் சொல்லல. அவ்வளவு தெளிவான பம்பாய் இந்தி. என் பரீட்சை இந்தி அந்த ஹாலுக்குள் ஏதோ நாடக வசனம் போலத் தொங்கிக்கொண்டிருக்க, அவருடைய இந்தி நேராகப் போய் நீதிபதியிடம் நின்றது.

அவர் தொடர்ந்தார். "இடிச்சுட்டா மூணு வருஷம் முந்நூறு வீட்டுப் பொம்பளைங்க எங்க போறது? கட்டடம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு வேண்டியது சாவி. ஒரு லைட். ரெண்டு தாழ்ப்பாள்."

அதிகாரி மராத்தியில் ஏதோ கேட்டார். செல்வக்கனி மராத்தியிலேயே பதில் சொன்னார். எந்தக் கதவு, எந்த ஆள், எத்தனை மணி என்று எல்லாம். சாவிக்கு இந்தியில் சாபி, மராத்தியிலும் சாவிதான். மொழிபெயர்க்கவே தேவையில்லாத ஒரு சொல். அதைத்தான் நான் வேண்டாம் என்று முழங்கியிருந்தேன்.

"இன்னொண்ணு சாப்" என்றார் கடைசியாக. "இந்த சார் என்னை ரெண்டு வாட்டி அபலான்னு சொன்னாரு. என் புருஷன் அங்க உக்காந்திருக்காரு."

மூன்றாவது வரிசையில் பரமசிவம் கையைத் தூக்கினார். ஹால் முழுக்கச் சிரித்தது. டாக்டரம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். கையில் மைக்கோடு நான் நின்றேன். அதை அணைப்பது எப்படி என்று கூடத் தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் கான்ட்ராக்டர் எழுந்தார். அவர் சிரிக்கவில்லை. "சங்கத்தோட ஆள்தான் மைக்ல இடிக்கச் சொன்னாரு. எல்லாரும் கேட்டோம். பதிவும் ஆயிடுச்சு. இப்ப மாத்திப் பேசினா எப்படி? அந்தம்மா பயந்துபோய் மாத்துறாங்க. இடிக்கணும்னு சொன்னது இருக்கட்டும்" என்றார்.

அதிகாரி குழப்பத்தோடு பதிவேட்டைப் பார்த்தார். நீதிபதி என்னைப் பார்த்தார். "நீங்கள் மொழிபெயர்ப்பாளர். இடிக்க வேண்டும் என்று இந்தம்மா தமிழில் சொன்னாரா, இல்லையா?"

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். முதலில் ஓடியது செல்வக்கனியோ முந்நூறு வீட்டுப் பெண்களோ இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பத்திரிகை ஆசிரியரின் முகம். அடுத்த இதழில் என் கட்டுரையைப் போடுவதாகச் சொன்னவர். "திருநெல்வேலி வட்டார வழக்கு, ஐயா. சில சமயம் பொருள் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன். வட்டார வழக்கின் மேல் பழியைப் போட்டுவிட்டு இறங்கிவிடலாம் என்று பார்த்தேன்.

செல்வக்கனி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பஸ் ஏறத் தடுமாறும் ஆளைப் பார்ப்பது போல, நான் எப்படியாவது ஏறிவிட வேண்டுமே என்ற பார்வை.

"இல்லை ஐயா" என்றேன். "அவர் இடிக்கச் சொல்லவில்லை. சாவிதான் கேட்டார். இடிக்கச் சொன்னது நான். நானாகச் சேர்த்தது."

"அதற்கு முன்னால் சொன்னீர்களே, விடியல், நிழல்..."

"அதுவும் நான்தான் ஐயா."

"மானத்தின் சின்னம்?"

"அதுவும்."

நீதிபதி பதிவேட்டை வாங்கி, எழுதியிருந்ததைத் தன் கையாலேயே அடித்தார். பக்கம் முழுக்க அடித்த பிறகு அதில் மிச்சம் இருந்தது செல்வக்கனியின் பெயர் மட்டும்தான். அதற்குக் கீழே அவரிடமே கேட்டுக் கேட்டு எழுதச் சொன்னார். கான்ட்ராக்டர் ஃபைலோடு வெளியே போய்விட்டார். அன்று மீதிப் பேருக்கு மொழிபெயர்த்தது யார் என்கிறீர்களா? செல்வக்கனிதான். மாலை வரை இருந்து, ஏழு பேருக்குச் செய்தார். நான் தண்ணீர் பாட்டில் விநியோகித்தேன்.

4. பிறகு

சுமன்தாயி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ராஜினாமாக் கடிதத்தை மனதுக்குள் எழுதவும் ஆரம்பித்திருந்தேன்; இரண்டாவது பத்தி நன்றாக வந்திருந்தது. அவர் திட்டவில்லை. ஹாலைப் பூட்டும்போது, "நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு அந்த சண்டாஸ் வாசல்ல இருங்க. ஆறு வரைக்கும் அங்கேயே நில்லுங்க. வந்து என்கிட்ட சொல்லுங்க" என்றார்.

"என்ன சொல்லணும்?"

"பாத்தது."

மறுநாள் எழுந்து, வழக்கம்போல இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டுக் கிளம்பினேன். ஐந்து மணிக்குத் தாராவியில் அந்த வாசலில் நின்றேன். பெண்கள் ஒவ்வொருவராகப் பூட்டிய கதவைப் பார்த்தபடியே கடந்து போனார்கள். நிழல் போல யாரும் போகவில்லை. செருப்புச் சத்தத்தோடு, பேசிக்கொண்டு, ரயிலைப் பிடிக்கும் அவசரத்தோடு போனார்கள். நீர்க்கடுப்பு வந்த அந்த மாரியம்மாள் மட்டும் ரோட்டைத் தாண்டிப் பெட்ரோல் பம்புக்குப் போய், இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்தார். அன்று விடவில்லை போல. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

ஐந்தே காலுக்கு இரண்டு டம்ளர் காபி தன் வேலையைக் காட்டியது. ஆண்கள் பக்கமும் பூட்டியிருந்தது. நான் ஆண்பிள்ளை, அந்த ஊரில் ஆண்பிள்ளைக்கு ஏதாவது ஒரு சுவர் கிடைக்கும். ஆனால் வேட்டி கட்டிய பெரிய மனிதன், சமூக நீதி எழுத்தாளன், போய்வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றேன். ஐந்தரைக்கு வேர்த்தது. ஐந்தே முக்காலுக்கு எனக்குத் தெரிந்த எல்லா தெய்வங்களையும் கூப்பிட்டேன். ஆறு மணி தாண்டி ஏழு நிமிடத்துக்குக் கான்ட்ராக்டரின் ஆள் வாயில் பிரஷ்ஷோடு வந்து பூட்டைத் திறந்தான். அவனைத் தள்ளிவிட்டு ஓடினேன்.

இது எனக்கு ஒரே ஒரு காலை. அந்தப் பெண்களுக்குத் தினமும். மாடி மாடியாக ஏறி இறங்கி வேலை செய்யும் இடத்துக்குப் போய்ச் சேரும் வரை. அதை அன்றைக்கு எந்த உவமையும் இல்லாமல் புரிந்துகொண்டேன்.

ஆபீஸுக்குப் போனதும் சுமன்தாயி, "என்ன பாத்தீங்க?" என்று கேட்டார்.

"ஆறு ஏழுக்குத்தான் திறந்தான்" என்றேன்.

"உக்காந்து எழுதுங்க" என்றார்.

அன்று செல்வக்கனி வேலை முடிந்து ஆபீஸுக்கு வந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நடுவே பழக்கதோஷத்தில், 'மிகுந்த வேதனையுடன்' என்று சேர்த்தேன். எழுதியதை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "அது வேண்டாம் அண்ணாச்சி. வேதனைன்னா மாத்திரை குடுப்பாவ. நமக்குச் சாவி வேணும்" என்றார். அடித்தேன். முடிவில் மூன்று வரி இருந்தது. என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறிய மனு அதுதான். அதிக நேரம் பிடித்ததும் அதுதான்.

அந்த மூன்று வரியோடு வார்டு ஆபீஸுக்கு ஐந்து தடவை போனோம். அதிகாரி முதல் தடவையே முழுக்கப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்க சங்கத்து மனுவை நான் கடைசி வரை படிச்சது இதுதான் முதல் தடவை" என்றார். நல்ல மனிதர், உண்மையைச் சொன்னார். ஒன்றரை மாதத்தில் கான்ட்ராக்டருக்கு எழுத்தில் உத்தரவு போனது. செல்வக்கனியின் கையில் ஒரு சாவி வந்தது. லைட்டும் போட்டார்கள். தாழ்ப்பாள் இரண்டில் ஒன்றுதான் வந்தது. இன்னொன்றைப் பரமசிவம் வாங்கி, தானே மாட்டினார்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இடித்துக் கட்டும் திட்டம் இன்றும் ஏதோ ஒரு ஃபைலில் உயிரோடுதான் இருக்கிறது. காலையில் திறப்பவர்கள் கழுவிவிட்டுப் போகவில்லை என்று மற்ற பெண்கள் சண்டை போட்டார்கள். சாவி வைத்திருப்பதால் செல்வக்கனிக்குத் திமிர் என்று இரண்டு பேர் எங்களிடமே புகார் கொடுத்தார்கள். அந்தப் புகாரையும் நான்தான் எழுதினேன். மூன்றே வரி. அதை எழுதும்போது செல்வக்கனிக்கு ஆதரவாக ஒரு சொல் சேர்க்கக் கை துறுதுறுத்தது. சேர்க்கவில்லை.

ஒரு நாள் செல்வக்கனியிடம் கேட்டேன். "உங்களுக்கு இவ்வளவு நல்லா இந்தி வரும்னு ஏன் சொல்லவே இல்ல? என்கிட்ட எப்பவும் தமிழ்லயே பேசினீங்களே?"

அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. "இருவது வருசமா இந்திக்காரவுககிட்ட வேலை பாக்கேன். வராம எப்படி? உங்களுக்குத்தான் இந்தி சரியா வராதுன்னு நெனச்சேன். அதான் தமிழ்லயே பேசுனேன்."

"அப்போ அன்னிக்கு மைக்ல முதல்லயே நீங்களே இந்தில பேசியிருக்கலாமே?"

"நானே பேசிட்டா அப்புறம் உங்களை எதுக்கு வச்சிருப்பாவ? வயசான காலத்துல அண்ணாச்சிக்கு வேலை போயிரக் கூடாதுல்லா."

நான் அவர்களைக் காப்பாற்ற வந்தவன் என்று ஒன்றரை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அந்த மேடையில் பாதி நேரம் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒருவர் சொன்னதை எழுதியதும், எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். "நல்லாருக்கு" என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். "இது யாரு கதை" என்று அவர் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்டால், கிழித்துவிட்டு மறுபடி உட்காருங்கள். நேரம் பிடிக்கும். ஒரு மனுவுக்கு அரை நாள் போகும். உங்கள் எழுத்தை யாரும் பாராட்ட மாட்டார்கள். எனக்கு ஓய்வு கொடுத்தபோது சங்கத்தில் எல்லாரும் பேசினார்கள். என் நடையழகைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கொஞ்சம் வருத்தம்தான். பொய் சொல்வானேன்?

இந்தக் குறிப்பையும் போன ஞாயிற்றுக்கிழமை செல்வக்கனிக்கு வாசித்துக் காட்டினேன். பரமசிவமும் இருந்தார்; இந்த முறை அதில் தன் பெயர் வருகிறதா என்று கவனமாகக் கேட்டார். செல்வக்கனியைப் பற்றி நான் உருகி எழுதியிருந்த ஒரு முழுப் பத்தியை எடுக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன். பிறகு, "ஒண்ணு தப்பா இருக்கு அண்ணாச்சி" என்றார் செல்வக்கனி. "படிக்கிறவுக சாவி இன்னமும் எங்கிட்டதான் இருக்குன்னு நெனச்சுக்கிடுவாவ. எனக்கு இப்ப மத்தியான ஷிப்டு. யாராவது வந்து கேட்டா அலைய வேண்டாம்லா, சரியா எழுதுங்க."

சாவி இப்போது மாரியம்மாளிடம் இருக்கிறது.